மறதிநோயை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

புதிய நினைவுகள் பதிவதற்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுதான். முதுமையில் இது ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் சுருங்குவது இயல்பு. அல்சைமர் நோய் வந்தவர்களுக்கோ 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குகிறது. ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். கணினி அந்தப் பகுதியின் எல்லையை வரைந்து, கன மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்லிவிடும்.

இன்னொரு தடயம் 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. ஏ.பி.ஓ.இ. என்ற மரபணுவின் இ4 வடிவத்துக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் 1993-இல் வெளியிட்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து இ4 வந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் இ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இல்லாமலே நோய் வந்தவர்களும் ஏராளம்.

தனித்தனியாக எதுவும் போதாது என்பதால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க இயந்திரக் கற்றலை நாடினார்கள். அதற்கான தரவை, 2004-இல் வட அமெரிக்காவில் தொடங்கிய 'ஆட்னி' ஆய்வு சேர்த்தது. அதே ஆட்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஸ்கேன், மரபணுப் பரிசோதனை, நினைவாற்றல் தேர்வு. தரவை உலக ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொண்டதுதான் அதன் பெரிய கொடை.

2017-இல் அந்தத் தரவை வைத்து 'டாட்போல்' என்ற போட்டி நடந்தது. 33 குழுக்கள், 92 கணிப்பு முறைகள். விடைகள் அப்போது யாரிடமும் இல்லை. கணிப்புகளை ஒப்படைத்த பிறகுதான் அந்த ஆட்களுக்கு அடுத்த பரிசோதனையே நடந்தது. இவ்வளவு நேர்மையான சோதனை இத்துறையில் அபூர்வம். யார் நோயாளி ஆவார், மூளை அறைகள் எவ்வளவு விரியும் என்பவற்றைச் சிறந்த முறைகள் நன்றாகவே கணித்தன. நினைவாற்றல் தேர்வில் ஒருவர் எடுக்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிப்பதில் எல்லா முறைகளும் தோற்றன. குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக ஒன்றும் இல்லை. குடும்பத்தார் கேட்பதோ அதைத்தான்: அம்மா அடுத்த வருஷம் எங்களை அடையாளம் தெரிந்துகொள்வாரா?

'95 சதவீதத் துல்லியம்' என்று வரும் செய்திகளை இதனால்தான் நிதானித்துப் படிக்கச் சொல்கிறேன். ஒருவருடைய ஸ்கேன் நூற்றுக்கும் மேற்பட்ட குறுக்குவெட்டுப் படங்களாக இருக்கும். அவற்றில் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் கொடுத்துவிட்டால், கணினி நோயை அல்ல, ஆளையே அடையாளம் கண்டுகொள்ளும். வினாத்தாள் முன்கூட்டியே கிடைத்த மாணவன் வாங்கும் மதிப்பெண் அது. 2020-இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, தான் ஆராய்ந்த கட்டுரைகளில் ஏறக்குறைய பாதியில் இப்படிக் கசிவு நேர்ந்திருக்கலாம் என்று காட்டியது.

ஆட்னியில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் நன்கு படித்த வெள்ளையர்கள். இ4-இன் தாக்கமோ ஜப்பானியரிடம் அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. அங்கே பழகிய கணினி நம் ஊர்ப் பாட்டியின் ஸ்கேனை எப்படிப் படிக்கும் என்பதை இங்கே சோதித்துத்தான் அறிய வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் அதற்கான தரவைச் சேர்த்துவருகிறது. கோலார் மாவட்டத்து சீனிவாசபுரம் பகுதியில், 45 வயது கடந்த கிராமத்து மக்களைத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். இலக்கு 10,000 பேர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.