ஊருக்குக் கொடை – 9: பூங்காவைக் கொடுத்த பிறகு

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1857 ஆகஸ்ட் 14 அன்று 'மக்கள் பூங்கா' திறக்கப்பட்டது. கம்பள ஆலை முதலாளி ஃபிரான்சிஸ் கிராஸ்லி 12 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தைத் தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டனைக் கொண்டு தோட்டமாக்கி, ஊருக்கு எழுதிக் கொடுத்தார். 1860இல் ஊரார் பணம் திரட்டி அவருக்கு அங்கேயே சிலை வைத்தார்கள். இந்த இரண்டையும் நகர வரலாறுகள் விரிவாகவே சொல்கின்றன. மூன்றாவதாக ஒன்று நடந்தது. எனக்கு அதுதான் முக்கியம். பூங்காவின் பராமரிப்புக்கென்று கிராஸ்லி தனியாக ஒரு தொகையையும் முதலீடு செய்து வைத்தார். பூங்காக் கொடை முழுமை பெறுவது இந்த மூன்றாவது செயலால்தான் என்பது என் கட்சி. நிலமும் சிலையும் கண்ணில் படுகின்றன, அவற்றுக்குத் திறப்பு விழா உண்டு. தோட்டக்காரரின் சம்பளத்துக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை. ஆனால் பத்தாம் ஆண்டில் அங்கே நிழல் இருக்குமா, முள்செடி இருக்குமா என்பது அந்தச் சம்பளத்தைப் பொறுத்தது.

இதற்கு எதிர்நிலையில் டெர்பி நகரம் இருக்கிறது. கிராஸ்லிக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1840இல், ஜோசப் ஸ்ட்ரட் அங்கே 11 ஏக்கரில் மரத்தோட்டம் அமைத்துக் கொடுத்தார். தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த காட்டுப்பன்றிச் சிலையைக்கூட அங்கே அனுப்பினார். அவர் மனம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பராமரிப்புக்கு நிரந்தர நிதி எதையும் அவர் வைக்கவில்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இலவசம், மற்ற நாட்களில் நுழைவுக் கட்டணம் என்று ஆயிற்று. 1882 வரை இந்த நிலை நீடித்தது. உழைக்கும் மக்களுக்காகத் திறந்த வாசலில் நாற்பது ஆண்டுக்கு மேல் காசு கேட்டார்கள்.

பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நாம் வெள்ளைக்காரர்களிடம் கற்க வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் அணையாத நந்தா விளக்கு ஒன்று எரிய வேண்டுமென்றால் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆடுகளை ஏற்ற மன்றாடிகள் என்னும் இடையர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் குட்டிகள் பிறந்து, முதல் குறையாமல் நிற்கும் என்பதால்தான் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். நந்தவனம் வைத்தவர்கள் அதில் வேலை செய்வோரின் பிழைப்புக்கு நிலம் விட்டார்கள். யார் செய்ய வேண்டும், எதிலிருந்து செய்ய வேண்டும், தவறினால் யார் கேட்பது என்ற மூன்றும் கல்லிலேயே இருந்தன. கல்லில் இவ்வளவு எழுதிய நாட்டில், இன்றைய கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் தேதியும் மட்டும் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு நிபந்தனை போட்டால் கொடுக்க வருகிறவரும் ஒதுங்கிவிடுவார் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் வீட்டுக்கு வந்த மாட்டின் தீவனச் செலவு வீட்டுக்காரருடையது. பூங்காவின் செலவு ஊர் வரிப்பணத்தில் விழுகிறது. நிதியோடு ஐந்து சென்ட் வருவது நிதியில்லாத ஐந்து ஏக்கரைவிட மேல் என்று ஊர் சொல்லலாம். அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: பராமரிப்பு அரசின் கடமை இல்லையா? கடமைதான், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் கடமை மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்குச் சென்னையே சாட்சி. ஆளுநர் டிரெவெலியன் முயற்சியில் உருவான 116 ஏக்கர் மக்கள் பூங்கா முழுக்கப் பொதுச் சொத்து. விக்டோரியா மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், பின்னர் விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதை எடுத்துக்கொண்டன. அங்கிருந்த விலங்குக்காட்சிச் சாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காலத்தில் நல்ல காரணம் இருந்தது, இழந்தது பூங்கா. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன்படி உள்ளாட்சி தன் பூங்காக்களைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். அரசின் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்ற முடியாது.

கொடுத்தவருக்குச் சிலை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஹாலிஃபாக்ஸில் நடந்த முறை சரி: கொடுத்தவர் தானே நிறுத்திக்கொள்ளவில்லை, பெற்றவர்கள் வைத்தார்கள். ஆனால் சிலையைவிட ஏற்பாடுதான் முக்கியம் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925இல் சிவா மறைந்தார். பாரத மாதா நினைவாலயம் அரசு செலவில் திறக்கப்பட்டது 2021இல்தான். அவரிடம் பணம் இல்லை, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒருவரின் ஆயுளோடு நின்றுபோகாத ஏற்பாடு இல்லாவிட்டால் எவ்வளவு காலம் போய்விடுகிறது!

சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் பொம்மிடி போன்ற ஊருக்கு கிராஸ்லி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். இங்கே பூங்கா நிலம் வேறு வழியில் வரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் அந்தத் துண்டுதான் சிற்றூரின் பூங்காக் கொடை. பத்திரம் பதிவான வாரமே அது 1959ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலில் ஏற வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும். ஊரில் வசதியுள்ள ஒருவர் பெயர் விளங்க ஏதேனும் செய்ய முன்வந்தால், அவரிடம் புதிய நிலமோ வளைவோ கேட்காமல், அந்தத் துண்டில் ஒரு ஆழ்துளைக் கிணறும், வட்டியில் ஒரு தோட்டக்காரருக்குச் சம்பளம் தரும் வைப்புத் தொகையும் கேட்கலாம். பெயர்ப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே அந்தத் தொகையையும், அதை எடுத்துச் செலவிட உரிமை உள்ளவர் யார் என்பதையும் எழுதி வைக்கலாம்.