பழைய சோறும் பியூட்டிரேட்டும்

புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றிலும் கரும்பும், பிறகு ரப்பரும் இருந்த காலத்தில், லயத்து வீட்டில் பசியாற இருந்தது முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்த சோறும் ஒரு துண்டு வெங்காயமும்தான். இன்று பிறை, ஜூரு தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் விரைகிறவர்களுக்கு ரெண்டு ரொட்டி சானாய், மேலே குழம்பு, ஒரு தே தாரிக். ருசி என்று வந்தால் நானும் ரொட்டி பக்கம்தான். பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான் பாதிப் பட்டினி.

நமக்குச் செரிக்காத நாரும், ஆறிய சோற்றில் இறுகிப்போன மாவுச்சத்தும் அவற்றின் சாப்பாடு. அதைப் புளிக்க வைத்து அவை வெளியேற்றுவதில் ஒன்று பியூட்டிரேட்.

பாக்டீரியாவோ செல்லோ இப்படி வெளியேற்றும் கழிவை ஆய்வாளர்கள் வெகுகாலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோய்ச் செல், ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாகக் கக்குவதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். செல்லின் சுவாசம் பழுதானதே காரணம் என்றார். அந்தச் சர்க்கரைப் பசியைத்தான் இன்று பெட் ஸ்கேன் படம் பிடிக்கிறது. அமிலமும் சும்மா கிடப்பதில்லை: நோய் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்குகிறது, 2012இல் ஃபெராப்டோசிஸ் என்று பெயர் பெற்ற, இரும்பு சார்ந்த சாவிலிருந்து சில புற்றுநோய்ச் செல்களைக் காப்பாற்றவும் செய்கிறது.

பியூட்டிரேட்டின் கதை இதற்கு நேர் எதிர். குடலின் நல்ல செல்லுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். வந்த வேகத்தில் எரித்துவிடும். சர்க்கரையையே நாடும் புற்றுநோய்ச் செல் அதை அவ்வளவாக எரிப்பதில்லை. எரியாமல் சேர்ந்தது உட்கருவுக்குள் போய் ஒருவகை நொதிகளை முடக்குகிறது. உறங்கிய மரபணுக்கள் விழிக்கின்றன. செல் பெருகுவதை நிறுத்தித் தன்னையே அழித்துக்கொள்கிறது. இதை 2012இல் தெளிவாக்கியது அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் குழு.

உடனே மாத்திரை தேடவேண்டாம். ரத்தத்தில் ஏற்றினால் பியூட்டிரேட் சில நிமிடங்களில் காணாமல் போகிறது. மரபுக் குறையுள்ள ஒருவகை எலிகளில் அது கட்டியை வளர்த்தும் இருக்கிறது. அதே வகை நொதிகளை முடக்கும் வோரினோஸ்டாட் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் தோலைத் தாக்கும் ஒரு லிம்ஃபோமாவுக்கு. பழைய சோறு மருந்தும் அல்ல.

மலேசிய ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடலைச் சேர்ந்ததே. அன்று தோட்டத்தில் வயிறு அடைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இன்று 50 வயதானவர்கள் அரசாங்கக் கிளினிக்கிலேயே மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம். மாதிரி கொடுக்கும் கூச்சத்திலேயே பலர் தட்டிக்கழிக்கிறார்கள்.