அக்கா தங்கை எத்தனை பேர்?

இறப்புப் பதிவேடு ஒழுங்காக இருக்கும் நாட்டில், பிரசவத்தில் இறந்த தாய்மார் எத்தனை பேர் என்பதை ஏட்டைப் புரட்டியே சொல்லிவிடலாம். வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே இறந்து, எந்த ஏட்டிலும் ஏறாமல் போகிறவர்கள் நிறைந்த நாட்டில் என்ன செய்வது? உயிரோடிருப்பவர்களிடம் சில எளிய கேள்விகளைக் கேட்டே அந்தக் கணக்கைப் போட்டுவிட முடியும்.

தாய்மார் கணக்குக்கு முன், இதே போன்ற குழந்தை இறப்புக் கணக்கைப் பார்ப்போம். 1960-களில் ஆப்பிரிக்க நாடுகளின் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தவர் வில்லியம் பிராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தாயிடம் குழந்தை எந்தத் தேதியில் பிறந்தது, எத்தனை மாதத்தில் இறந்தது என்று கேட்டால் பதில் குழம்பும். பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்று கேட்டால் அவ்வளவு குழப்பம் வராது. அந்த இரண்டு எண்களோடு தாயின் வயதைச் சேர்த்தார் பிராஸ். இளம் தாயின் பிள்ளைகள் அண்மையில் பிறந்தவர்கள். மூத்தவளின் பிள்ளைகள் சில ஆண்டுகளைக் கடந்தவர்கள். ஆகவே தாயின் வயதே கடிகாரமாகிவிடுகிறது. 20–24 வயதுத் தாய்மார் இழந்த பிள்ளைகளின் பங்கு, இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழக் காட்டும். 25–29 வயதினரின் பதில் மூன்று வயதுக்குள், 30–34 வயதினரின் பதில் ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். அந்த ஊரில் பெண்கள் எந்த வயதில் பிள்ளை பெறத் தொடங்குகிறார்கள் என்பதைப் பார்த்து ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும்.

தாயின் மரணத்தை இப்படிக் கேட்க முடியாது. பதில் சொல்ல அவளே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. லட்சம் பிறப்புக்கு 500 தாய்மார் இறப்பது கொடுமையான விகிதம். ஆனாலும் ஆண்டுக்கு 40 குழந்தைகள் பிறக்கும் ஊரில் அது ஐந்து ஆண்டுக்கு ஒரு மரணம்தான். வீடு வீடாகப் போனாலும் கண்ணில் படாது.

1980-களின் இறுதியில் வெண்டி கிரகாம், பிராஸ், ராபர்ட் ஸ்நோ மூவரும் காம்பியாவில் சோதித்த வழி இதற்கு விடை தந்தது. வயதுவந்தவர்களிடம் நான்கே கேள்விகள்: ஒரே தாய்க்குப் பிறந்து பெரியவர்களான உங்கள் சகோதரிகள் எத்தனை பேர்? இப்போது இருப்பவர் எத்தனை? இறந்தவர் எத்தனை? இறந்தவர்களில் கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ அடுத்த ஆறு வாரங்களுக்குள்ளோ போனவர் எத்தனை? ஒருவர் பதிலிலேயே பல பெண்களின் வாழ்க்கை அடங்கிவிடுவதால் சில ஆயிரம் பேரைக் கேட்டாலே போதும். காம்பியாவில் கிடைத்த விடை அதிரவைத்தது: பெண்களில் ஏறத்தாழ 17 பேருக்கு ஒருவர் தாய்மையால் உயிரிழக்கும் அபாயத்தில் இருந்தார்.

இதற்கு எல்லைகளும் உண்டு. ஒரு பெண் கரு கலைந்து இறந்தது கூடப்பிறந்தவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். தவிர, கிடைப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய நிலவரம். போன ஆண்டு தொடங்கிய திட்டம் பலித்ததா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.

அண்மை நிலவரத்தை அறிய இந்தியா நம்புவது ‘மாதிரிப் பதிவு முறை’யை. தேர்ந்தெடுத்த ஊர்களில் பிறப்பு இறப்புகளை ஒருவர் தொடர்ந்து குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக விசாரிப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். 80 லட்சம் பேருக்கு மேல் இதில் அடங்கியும், தாய்மார் இறப்பைக் கணிக்க மூன்று ஆண்டுத் தரவைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2001–03-இல் லட்சம் பிறப்புக்கு 301 ஆக இருந்த அந்த விகிதம், 2018–20-இல் 97 ஆகக் குறைந்தது. அந்த 97 பேர் ஏன் இறந்தார்கள் என்பதை விகிதம் சொல்லாது. ரத்தப்போக்கா, வலிப்பா, வண்டி வரத் தாமதமா என்று ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்தால்தான் தெரியும்.