விடியக்காலத்துப் பீடியும் ஒரு பிளாஸ்திரியும்

காரக்கோணம் மருத்துவக் கல்லூரி டாக்டர் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன அதே சாமர்வெல்தான். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவை மருத்துவம் பார்த்தவர். அந்த நெய்யூரில் இருந்த இன்னொரு மருத்துவர் ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார். ஆக, புகையிலையின் கெடுதல் இந்த வட்டாரத்துக்குப் புதுச் செய்தி அல்ல. தெரிந்தும் விட முடியவில்லை என்பதுதான் சங்கதி.

ரப்பர் பால் வெட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார். கத்தியைத் தொடுமுன் ஒரு பீடி. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி வேண்டுமென்றால் பிடி இறுகிவிட்டது என்பது மருத்துவர்களின் கணக்கு. ரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவெல்லாம் வடிந்த உடம்பு காலையில் கேட்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் நிக்கோட்டின் பேட்ச் வருகிறது. பார்வைக்குச் சாதாரண பிளாஸ்திரி. மேலே நீர் புகாத தாள், உள்ளே நிக்கோட்டின், கீழே பசை. சிலவற்றில் அளந்து கசியவிட ஒரு மெல்லிய சவ்வும் உண்டு. நிக்கோட்டின் சிறிய மூலக்கூறு, கொழுப்பில் கரையும். தோல் அதைத் தடுப்பதில்லை. ஈரப் புகையிலை இலை பறிக்கும் கூலிகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும் 1980-களில் இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பிறர்மேல் சோதிக்க அனுமதி கிடைக்காமல் தங்கள் தோலிலேயே நிக்கோட்டினை வைத்துப் பார்த்தார்கள். துணிச்சல்தான், யாரும் பின்பற்ற வேண்டாம்! 1991-ல் அங்கே மருந்துச் சீட்டின் பேரில் பேட்ச் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

இழுத்த புகை சில நொடிகளில் மூளையைத் தொடும். பேட்ச் உச்சத்தை எட்டச் சில மணி நேரம் ஆகும். அந்த மந்தம்தான் அதன் பலம்: 'சுர்'ரென்ற கிறக்கம் இல்லாததால் பேட்சுக்கு அடிமையாவது அரிது. தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போவதுமில்லை. நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் 14, பிறகு 7 என்று இறக்குவார்கள். பீடிக்காரர் தன் கணக்கை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்வது நல்லது.

16 மணி நேர பேட்சும் உண்டு, 24 மணி நேர பேட்சும் உண்டு. பால்வெட்டுக்காரருக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். எழும்போதே ரத்தத்தில் நிக்கோட்டின் இருக்கும். கண்டபடி கனவு வந்து தூக்கம் கெட்டால் படுக்குமுன் உரித்துவிடலாம். அதே மந்தம் பலவீனமும்கூட. டீக்கடையில் பக்கத்தில் ஒருவர் பற்றவைத்ததும் எழும் திடீர் வேட்கைக்கு பேட்ச் பதில் சொல்லாது. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கம்மையும் சேர்த்துத் தருவார்கள். தனி பேட்சைவிட இந்தக் கூட்டு கூடுதல் பலன் தருகிறது.

நம் ஊர் வியர்வைக்கு ஒட்டு நிற்குமா? குளித்து, நன்றாகத் துடைத்து, முடியில்லாத மேல்கையிலோ மார்பிலோ வைத்துப் பத்து விநாடி அழுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்த தோலில் ஒட்டாது. மறுநாள் வேறு இடம், இல்லாவிட்டால் தோல் தடிக்கும். உரித்த பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

(தொடரும்)