விண்டோஸ் வழங்கியில் வலைச் செயலி நிறுவலும் பழுதறிதலும்

வலைச் செயலி நிறுவல் என்பது, நிரலாளர் தம் கணினியில் எழுதிச் சோதித்த ஒரு செயலியைப் பயனர்கள் அணுகும் வழங்கிக் கணினிக்கு மாற்றி, அங்கு அது ஒழுங்காக இயங்குமாறு செய்யும் பணியாகும். எழுதிய கணினியில் குறையின்றி ஓடிய செயலி வழங்கியில் ஓட மறுப்பது இத்துறையின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. காரணம் பெரும்பாலும் நிரலில் இராது. இரு கணினிகளின் சூழலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் இருக்கும். அவ்வேறுபாட்டைக் கண்டறிவதே பழுதறிதல் எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரும் அதனுடன் வரும் ஐ.ஐ.எஸ். என்னும் வலை வழங்கியும், லினக்ஸ், அப்பாச்சி ஆகியவற்றில் பழகியவர்களுக்குச் சற்று முரண்டு பிடிக்கும் தளமாகும்.

பின்னணி

வடசென்னையில் 1881 முதல் இயங்கும் சென்னைத் துறைமுகம், 2001இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கி 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது, அதன் அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சரக்குப் பெட்டகங்களுக்கான ஆவணங்கள் இன்று பெரும்பாலும் வலைவழியே செல்கின்றன. இந்தியத் துறைமுகங்கள் சங்கத்தின் துறைமுகச் சமூக அமைப்பு 2018 டிசம்பரில் புதிய வடிவில் வந்தது. சுங்கத் துறையின் முகமறியா மதிப்பீட்டு முறை 2020 சூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும், இயந்திரங்கள், மின்கருவிகள் ஆகியவற்றின் இறக்குமதிக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது.

இப்பெரிய அமைப்புகளைச் சுற்றி, சுங்கத் தரகர்களும் சரக்குந்து உரிமையாளர்களும் கிடங்குகளும் தத்தமக்கென வைத்துக்கொள்ளும் சிறு செயலிகள் உள்ளன. இத்தகைய செயலி அரைநாள் நின்றால் வண்டிக்குரிய நுழைவுத் தாள் உருவாகாது. தாளில்லாத வண்டி வாயிலைக் கடக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்றதற்குச் சாலையின் நிலை, வாயில் சோதனை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் அவ்வரிசையில் ஒரு முறை இடத்தை இழந்த ஓட்டுநருக்கு, கணினிப் பழுதும் சாலைப் பழுதும் ஒன்றே.

பிழை எண்ணைப் படித்தல்

ஐ.ஐ.எஸ். வழங்கியில் முதலில் அறிய வேண்டியது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முழுப் பிழையையும் காட்டுவதில்லை என்பதாகும். இயல்பான அமைப்பில் வெளிப்பயனர் 500 என்னும் எண்ணை மட்டுமே காண்பார். அதே பக்கத்தை வழங்கிக் கணினியிலேயே உலாவியில் திறந்தால் 500.19 என்பது போன்ற துணை எண்ணும் விளக்கமும் கிடைக்கும். பலர் இதை அறியாமல் நாள் முழுவதும் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பர்.

500.19 என்பது அமைப்புக் கோப்பை வழங்கியால் ஏற்க இயலவில்லை எனப் பொருள்படும். அதனுடன் வரும் பதினாறடிமான எண்ணே உண்மைக் காரணத்தைச் சொல்லும். அது 0021 என முடிந்தால், கோப்பிலுள்ள ஒரு பகுதி மேல்நிலையில் பூட்டப்பட்டுள்ளது. 000டி என முடிந்தால், வழங்கி அறியாத ஒரு சொல் கோப்பில் உள்ளது. முகவரி மாற்றியெழுதும் கூறு நிறுவப்படாமலிருப்பது இதற்குப் பொதுவான காரணம். 404.3 என்பது கோப்பு இல்லை என்பதன்று. கோப்பு இருந்தும் அதன் வகை வழங்கிக்குத் தெரியவில்லை என்பதாகும். புதிய எழுத்துரு வகைகள் பழைய வழங்கிகளில் இவ்வாறு மறைந்துபோகும்.

உரிமைச் சிக்கலும் அடிக்கடி ஏற்படுவது. நிரலாளர் தம் கணக்கில் செயலியை இயக்கிப் பார்ப்பார், ஐ.ஐ.எஸ். 7.5 முதல் ஒவ்வொரு செயலித் தொகுதியும் தனக்கென அமைந்த மெய்நிகர்க் கணக்கில் இயங்குகிறது. அக்கணக்குக்கு எழுதும் உரிமை தரப்படாத கோப்புறையில் ஆவணங்களைப் பதிவேற்ற முயன்றால் செயலி நின்றுவிடும். எல்லோருக்கும் எல்லா உரிமையையும் கொடுத்துவிடுவது விரைவான தீர்வு போலத் தோன்றினும், அது பூட்டைக் கழற்றி எறிவதற்கு ஒப்பாகும். குறிப்பிட்ட கோப்புறைக்கு மட்டும் உரிமை தருதலே முறை.

பழைய ஆக்சஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் செயலிகளில் வேறொரு தடை உண்டு. அதற்குரிய ஜெட் இணைப்பி 32 பிட் வடிவில் மட்டுமே உள்ளது. 64 பிட் தொகுதியில் அது பதிவு செய்யப்படவில்லை என்றே பிழை வரும். தொகுதியின் அமைப்பில் 32 பிட் செயலிகளை அனுமதித்தால் சரியாகும்.

நேரக் குழப்பம்

ஐ.ஐ.எஸ். பதிவேடுகள் இயல்பாக ஒருங்கிணைந்த உலக நேரத்தில் எழுதப்படுகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னதாக உள்ளது. எனவே காலை 10 மணிக்கு நேர்ந்த பழுது பதிவேட்டில் 4.30 என இருக்கும். துறைமுகப் பணி இரவிலும் நடப்பதால் இது வெறும் கணக்குச் சிக்கலாக நிற்பதில்லை. அதிகாலை 3 மணிக்கு நின்ற செயலியின் தடம் முந்தைய நாளின் பதிவேட்டில் 21.30 என்ற நேரத்தில் கிடைக்கும். அன்றைய கோப்பை மட்டும் தேடுபவர், பழுதே நேரவில்லை எனத் தவறாக முடிவு செய்யக்கூடும்.

சில பழுதுகள் நேரத்தோடு பிணைந்தவை. 20 நிமிடம் யாரும் அணுகாவிடில் செயலித் தொகுதி உறங்கிவிடும். அடுத்து வருபவருக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும். மேலும், 1740 நிமிடத்துக்கு, அதாவது 29 மணிக்கு ஒரு முறை அது தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். 24ஐ அடுத்த பகா எண்ணாகிய 29 தெரிவு செய்யப்பட்டதால் மறுதொடக்கம் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழாது. பயனர் விவரத்தை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் செயலி, ஒரு நாள் பகலிலும் ஒரு நாள் நள்ளிரவிலும் எல்லோரையும் வெளியேற்றிவிடுவதன் காரணம் இதுவே.

தமிழ் எழுத்துகள்

தமிழ்த் தரவு கொண்ட செயலிகளில் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுவது பரவலான குறை. விண்டோசில் தமிழுக்கெனப் பழைய எட்டு பிட் குறிமுறைப் பக்கம் இல்லை. ஆதலால் எஸ்.கியூ.எல். சர்வர் தரவுத்தளத்தின் ஒருங்குறியல்லாத புலத்தில் தமிழை இட்டால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். இது காட்சிப் பிழை அன்று. தரவு அழிந்துவிட்டது, மீட்க இயலாது. மாறாக, எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தோன்றினால் தரவு பெரும்பாலும் பழுதின்றி உள்ளது, உலாவிக்கு யூ.டி.எஃப்-8 குறிமுறையை அறிவிக்கத் தவறியதே காரணமாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

இட அளவும் கருதத்தக்கது. "திருவொற்றியூர்" என்ற பெயரில் எழுத்துகள் 7, ஒருங்குறியில் அது 14 குறிகள், யூ.டி.எஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு பெறுவதால் 42 பைட்டுகள். ஊர்ப் பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கிய நிரலாளர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிராது.

இதே பெயரிலுள்ள "வொ" என்னும் எழுத்தின் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு நீளம் 14, 15 என வேறாகும். எனவே சேமித்த பெயர் தேடலில் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒருங்குறியின் இயல்பாக்க முறையைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும்.

லினக்சில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் வேறு வேறாகக் கருதப்படும், விண்டோசில் அவ்வாறன்று. விண்டோசிலிருந்து லினக்சுக்கு மாறும்போது படங்கள் காணாமற்போவது இதனால்தான்.

முழு மறுநிறுவல்: 2017 நிகழ்வு

2017 சூன் 27 அன்று, உக்ரைனியக் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளை உலகெங்கும் முடக்கியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் பாதிக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் 2018இல் தாவோசில் கூறியவாறு, 4,000 வழங்கிகள், 45,000 கணினிகள், 2,500 செயலிகள் பத்து நாட்களில் மீண்டும் நிறுவப்பட்டன.

செயலிகளுக்கும் தரவுகளுக்கும் படிகள் இருந்தன. ஆனால் பயனர் கணக்குகளையும் உரிமைகளையும் காக்கும் களக் கட்டுப்பாட்டு வழங்கிகள் ஒன்றன் படி மற்றொன்றாக அமைக்கப்பட்டிருந்ததால், எல்லாம் ஒருசேர அழிந்தன. அது இன்றி எந்தச் செயலியும் உயிர்பெறாது. கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதல் நேரத்தில் மின்வெட்டால் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரே ஒரு வழங்கி தப்பியிருந்தது. இணைய வேகம் போதாமையால் அதன் தரவு வட்டு விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.