உப்புக் காற்றும் பழைய மிக்ஸரும்

ராயபுரம் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதியில், ஜன்னல் கம்பியாயினும் சைக்கிள் சங்கிலியாயினும், இரும்பாலான எதுவும் துருவின் ஆதிக்கத்துக்குத் தப்புவதில்லை. கானாப் பாட்டு செழித்து வளர்ந்த இந்த வடசென்னையில், வீட்டு அறையொன்றையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு, மைக் செட் கடையிலிருந்தோ மூடப்பட்ட ஸ்டூடியோவிலிருந்தோ கைமாறி வந்த பழைய அனலாக் மிக்ஸரைச் சீர்செய்து உபயோகிக்க விரும்பும் இளைஞர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்தக் கடற்கரையின் உப்புக் காற்றின் சுபாவத்தையே.

வீட்டில் செய்யும் ஒலிப்பதிவு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் தம் வீட்டுப் பின்புறத்தில் அமைத்துக்கொண்ட ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தில் உருவானதே 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை. அத்தகைய கூடத்தில் மிக்ஸரின் பணி யாதெனில், மைக்கிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவேயான நுண்ணிய மின்னலையைப் பெருக்கி, அதன் தொனியைச் செப்பனிட்டு, பாடுவோர் குரலையும் வாத்தியங்களையும் உரிய விகிதத்தில் ஒன்றுசேர்ப்பதாகும்.

அவ்வளவு நுண்ணிய மின்னோட்டத்துக்கு உப்பு பரம சத்துரு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைக் கடந்ததும் உப்பானது ஈரத்தைத் தானே ஈர்த்துக் கரைந்துவிடும். ஆகவே, தூசியோடு சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு மழைக்காலத்தில் மின்சாரம் கசியும் மெல்லிய படலமாகி, செம்புத் தடங்களைப் பச்சை பூக்கச் செய்கிறது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தும்போது கரகரப்பதும், பலகையைத் தட்டினால் மட்டும் ஒரு சேனல் உயிர்பெறுவதும் பெரும்பாலும் இதன் விளைவே.

பழுதுபார்ப்பதற்கு ஒரு கிரமம் உண்டு. அது பவர் சப்ளையில் ஆரம்பிக்கிறது. நெடுநாள் உறங்கிய மிக்ஸரை நேரே 230 வோல்ட்டில் சேர்க்காமல், குண்டு பல்பொன்றைத் தொடராக இணைத்த ‘சீரிஸ் லாம்ப்’ வழியாகச் சேர்ப்பது உத்தமம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்து எச்சரித்துவிடும். பின்னர்க் கவனிக்க வேண்டியவை எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். அவற்றினுள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றுவதால், மின்சாரத்தைச் சமன்படுத்தும் சக்தி குன்றி, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் புகுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அனுபவ விதியாதலால், 85 டிகிரி ரகத்துக்குப் பதிலாக 105 டிகிரி ரகத்தைப் பொருத்துவது விவேகம். எதிர்முனையைக் குறிக்கும் பட்டையை மாற்றிப் பொருத்தினால் கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

அடுத்தது இணைப்புகளின் சுத்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் போர்டையும் கனெக்டர்களையும் துடைத்து, ஒவ்வொன்றையும் பலமுறை கழற்றி மாட்டினாலே பாதிக் கோளாறுகள் அகன்றுவிடுவதுண்டு. ஃபேடரின் கார்பன் தடத்தில் மட்டும் துரு நீக்கும் எண்ணெயைத் தெளிக்கக் கூடாது. அதற்கென்றே விற்கும் மசகுத் திரவம் வேண்டும்.

மேம்படுத்துதல் இதன் பிறகே வரவேண்டும். ஆனால் பலரும் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குச் சென்று ஐ.சி.க்களை வாங்கிவந்து, டிஎல்072 என்ற பெருக்கி ஐ.சி. இருந்த இடத்திலெல்லாம் என்இ5532-ஐப் பொருத்துவதையே பிராரம்பமாகக் கொள்கிறார்கள். பின்னது இரைச்சல் குறைந்தது என்பது மெய்யே. எனினும் அது ஏறக்குறைய மூன்று மடங்கு மின்னோட்டத்தை உண்பதால், நூறு ஐ.சி.க்களை மாற்றினால் அரை ஆம்பியர் அதிகமாகத் தேவைப்படும்; பழைய பவர் சப்ளை அந்தப் பாரத்தைத் தாங்காது சூடேறி வீழ்ந்துவிடும். எனவே ஒரு சேனலை மட்டும் மாற்றி, பக்கத்துச் சேனலோடு ஒப்பிட்டுக் கேட்டு, பேதம் காதுக்குப் புலப்பட்டால் மட்டுமே மேற்செல்வது நியாயம்.

சீர்செய்த மிக்ஸரைத் தூசி படாமல் மூடி வைக்கலாமேயன்றிப் பூட்டி வைக்கலாகாது. நித்தமும் இயங்குவதால் எழும் மிதமான உஷ்ணமே ஈரத்தைத் தங்கவொட்டாமல் தடுக்கும். கையிலிருக்கும் பணத்தில் முதற்பங்கைப் பவர் சப்ளைக்கும், அடுத்த பங்கை இணைப்புகளுக்கும் செலவிட்டு, எஞ்சியதைக்கொண்டு ஐ.சி. வாங்குகிறவர், தம் தெருவின் பாட்டைப் பிறர் தயவை நாடாமல் தம் வீட்டிலேயே தெளிவாகப் பதிவுசெய்யும் சுதந்திரத்தை அடைகிறார். அந்தச் சுதந்திரத்துக்காக எத்தனை சிரத்தை எடுத்தாலும் தகும்.