தனிப் பானை தேவையில்லை: சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் உணவு

சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டிய உணவு ஒன்றுதான். அரிசி, பருப்பு, மீன், முட்டை, பால், கீரை, பழம் என்று வளரும் உடம்பு கேட்கும் எதையும் இந்த நோய் விலக்கச் சொல்வதில்லை. அளவையும் நேரத்தையும் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்காகத் தனிப் பானை ஏற்றுவதைவிட, அந்த ஒரே பானையின் சமையலை எல்லோருக்கும் ஏற்றதாகத் திருத்திக்கொள்வதே நல்லது.

சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகைச் சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் இது வருகிறது. மிட்டாய் தின்றதாலும் அல்ல, தாயின் வளர்ப்பாலும் அல்ல. இதை உறவினர்கள் எத்தனை முறை கேட்டாலும் தகும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 2.29 லட்சம் பேர் முதல் வகை நோயுடன் வாழ்கிறார்கள். இவர்களுக்கு இன்சுலின் ஊசி வாழ்நாள் தேவை. உடல் பருமனோடு சேர்ந்து வரும் இரண்டாம் வகை இப்போது பதின்வயதினரிடமும் காணப்படுகிறது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடிப்பது அதற்கான ஓர் அறிகுறி. அவர்களுக்கு எடையைக் கட்டுக்குள் கொண்டுவருவதே உணவுமுறையின் முதல் நோக்கம்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன், பிள்ளைகளைப் பட்டினி போடுவதுதான் சிகிச்சையாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினி உணவுமுறையில் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ உயிர் தரித்தார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன் பிறகு பட்டினிக்கு வேலை முடிந்தது. ஆனால் ‘பத்தியம்’ என்ற எண்ணம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. சோற்றையே நிறுத்திவிடுகிற பெற்றோர் இன்றும் உண்டு. ஊசி போட்ட பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். நாளடைவில் வளர்ச்சியும் குன்றும். மறுக்கப்பட்ட தின்பண்டத்தை ஒளித்துத் தின்னும் பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

பத்தியம் இல்லாமல் பிள்ளையின் தட்டை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். தெற்கு அந்தமானில், 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ளது சிப்பிகாட். தென்னையும் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வளரும் அரசுப் பண்ணையால் அறியப்பட்ட ஊர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது நிலம் தாழ்ந்ததில் இங்குள்ள பள்ளமான வயல்கள் உப்புநீர் தேங்கிய சதுப்பாகிவிட்டன. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றில் பெரும்பகுதி சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் காய்கறி விலை ஏறிவிடும். கப்பலுக்குக் காத்திராமல் கிடைப்பவை மீன், தேங்காய், வாழை, பப்பாளி, கொல்லையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தழைக்கும் கீரை ஆகியவை. சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் தட்டுக்கு இவை பெரிய வரம். கப்பலில் வந்து கடையில் தொங்கும் பிஸ்கட், நூடுல்ஸ் பொட்டலங்கள் அல்ல.

தட்டில் பாதியளவு கீரையும் காயும், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மீதிக் கால் பங்கு சோறு என்று பரிமாறிப் பழகுவது எளிய வழி. தீவில் தமிழர்கள் கொடிப்பசலை என்றும் மற்றவர்கள் போய் என்றும் சொல்லும் கீரையைப் பருப்போடு கடையலாம். கல்மிக் கீரையைப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கலாம். சூரை, மத்தி, அயிலை போன்ற மீன்களில் மாவுச்சத்து அறவே இல்லை. நல்ல புரதமும் கொழுப்பும் உண்டு. குழம்பாகவோ, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயிலோ செய்தால் போதும். தேங்காய் விலக்கப்பட்டதல்ல. ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே குழம்பு, துவையல், கூட்டு மூன்றிலும் ஒரே நாளில் தேங்காய் சேர்க்க வேண்டியதில்லை.

ஊசியின் அளவு மாவுச்சத்தின் அளவைப் பொறுத்தது என்பதால், கண் மதிப்பைச் சரியாக்கிக்கொள்ள வேண்டும். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம், சிறிய வாழைப்பழத்தில் சுமார் 15, ஒரு டம்ளர் பாலில் 10. இளநீரும் கணக்கில் வரும். ஒரு டம்ளரில் 8 முதல் 10 கிராம். முதல் சில வாரங்களுக்குச் சமையல் தராசில் சோற்றை நிறுத்து, வழக்கமான கரண்டியில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று குறித்துவைத்தால், பிறகு கரண்டியே அளவுகோலாகிவிடும்.

ஒரே அளவு மாவுச்சத்து எல்லா உணவிலும் ஒரே வேகத்தில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. டொரண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவர் குழுவினரும் 1981இல் இதை அளந்து ‘கிளைசெமிக் குறியீடு’ என்று வகுத்தார்கள். குழைந்த கஞ்சியும் தீட்டிய அரிசிச் சோறும் விரைவாக ஏற்றும். பருப்பு, மீன், கீரையோடு சேர்ந்த சோறு மெல்ல ஏற்றும். பழத்தைக் கடித்துத் தின்பதற்கும் பிழிந்து குடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. தானியத்தையும் நார்ச்சத்தையும் மையமாகக் கொண்ட உணவே நம்மவர்க்குப் பொருந்தும் என்று வலியுறுத்தியவர், 1954இல் சென்னை ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன். சாப்பிடுவதற்கு எத்தனை நிமிடம் முன்பு ஊசி போட வேண்டும் என்பது இன்சுலினின் வகையைப் பொறுத்தது. விரைவாக வேலை செய்யும் வகை என்றால் பொதுவாக 15 நிமிடம், பழைய சாதாரண வகை என்றால் சுமார் அரை மணி நேரம். பரோட்டா, பிரியாணி போல எண்ணெய் மிகுந்த உணவு, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்தே சர்க்கரையை ஏற்றும். இரவில் அதைத் தின்றால் படுக்கும் முன் ஒருமுறை பரிசோதிப்பது அவசியம்.

பள்ளி நேரம் பெற்றோரின் கண்ணுக்கு அப்பாற்பட்டது. அந்தமானின் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சேர்ந்தவை. பொதுத் தேர்வு எழுதும் முதல் வகை நோயாளிகள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை அறைக்குள் கொண்டுசெல்லலாம் என்று அந்த வாரியம் 2017இல் அறிவித்தது. தேர்வு நாளில் தரும் அந்தச் சலுகையை எல்லா வகுப்பறைகளும் எல்லா நாளும் தர வேண்டும். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்பது கணக்கு: 20 கிலோப் பிள்ளைக்கு 6 கிராம், 50 கிலோப் பிள்ளைக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். பந்தாடப் போகும் நாளிலும் நீந்தப் போகும் நாளிலும் முன்னதாக அளந்து ஒரு சிற்றுண்டி கொடுப்பது நல்லது.

பதின்வயதில் எல்லாமே கடினமாகிறது. பருவ மாற்றத்தின் சுரப்புகள் இன்சுலினை எதிர்ப்பதால், முந்தைய ஆண்டு போதுமாக இருந்த அளவு போதாமல் போகும். உணவும் வீட்டுக் கையிலிருந்து நண்பர்களின் கைக்கு மாறுகிறது. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தடை சொல்வதைவிட இந்த எண்ணைப் பிள்ளையே லேபிளில் படிக்கக் கற்பது பயன் தரும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலையும் அப்படியே அளந்து, ஊசியின் கணக்கில் சேர்த்து, எல்லோரோடும் உட்கார்ந்து உண்ணலாம். இன்னொன்று அதிகம் பேசப்படாதது: எடை குறைய வேண்டும் என்று சில பதின்வயதினர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஊசியையே தவிர்க்கிறார்கள். உடம்பைக் குறித்த கேலியும் ஒவ்வொரு கவளத்துக்கும் விசாரணையும் நடக்கும் வீட்டில் இந்த ஆபத்து கூடும்.

காய்ச்சலிலும் வாந்தியிலும் பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் தொடர வேண்டும். கஞ்சி, மோர், இளநீர் என்று சிறிது சிறிதாகக் கொடுத்து, சில மணிக்கொருமுறை சர்க்கரையையும், இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் கீட்டோனையும் பார்க்க வேண்டும். வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு வேகமாகி, அதில் பழவாடை வீசினால் அது கீட்டோன் நஞ்சேறும் நிலை. பொழுது விடியட்டும் என்று காத்திராமல் ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.